பெரியம்மாவுக்கு மூன்றரை, அம்மாவுக்கு இரண்டு புள்ளி ஒன்று

உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, பெரியம்மாவைப் பிடிக்குமா?

எனக்கு முப்பத்து நான்கு வயதாகிறது. நானே ஒரு பெண் குழந்தைக்கு அம்மா. இந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் சின்ன வயதில் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். சிரித்துக்கொண்டே ஓடிப்போயிருப்பீர்கள். என்னால் அப்படி ஓட முடியாத ஒரு மழைக்காலம் இருந்தது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தாகிவிட்டது.

அம்மாவும் பெரியம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அம்மாவைக் கோலியனூரில் விவசாய வீட்டில் கொடுத்தார்கள். நெல், கரும்பு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை என்று சொந்த நிலத்தில் வருஷம் முழுக்க வேலை. நான் மூத்தவள், எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். பெரியம்மா திண்டிவனத்தில் இருந்தாள். படித்தவள், கிராமங்களுக்கு மொபெட்டில் போய் ஊசி போட்டு வரும் நர்ஸ். அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் ஐந்தாவது முடித்ததும், "ஆறாவதுலேருந்து இங்க படிக்கட்டும். பொம்பளப் புள்ளைங்க ஸ்கூலு, நல்லா சொல்லித் தராங்க" என்று பெரியம்மா கேட்டாள். அம்மா சரி என்றாள். எங்கள் உறவில் இது அதிசயமில்லை. பிள்ளையில்லாத அக்கா வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் படிக்க அனுப்புவார்கள். பத்திரம் கிடையாது, பேச்சுதான். கொடுத்ததாகவும் இல்லை, கொடுக்காததாகவும் இல்லை.

திங்கள் முதல் வெள்ளிவரை திண்டிவனம். வெள்ளி மாலை பெரியப்பா என்னைப் பாசஞ்சர் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிடுவார். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை வாசனை ஜன்னல் வழியாக வந்து முகத்தில் ஒட்டும். அது வந்துவிட்டால் அடுத்தது விழுப்புரம், பிளாட்பாரத்தில் அப்பா நிற்பார். திங்கள் விடியலில் அதே ஊர்கள் தலைகீழாக வரும். நான்காவது வருஷம் ஆனபோது என் செருப்புகூட இரண்டு ஜோடி, ஊருக்கு ஒன்று.

அந்த வருஷம் எங்களுக்கு வந்த வேதியியல் டீச்சர் ரொம்பச் சின்னப் பெண். பி.எட். முடித்துவிட்டு நேராக வந்தவர். எங்களைப் பார்த்துப் பயப்படுவார், அதை மறைக்கச் சத்தமாகப் பேசுவார். சகப்பிணைப்பு பாடத்தன்று, என் பெஞ்சுத் தோழியிடம் கபடிக்குக் கொண்டுவரும் துண்டை வாங்கினார். நடுவில் ஒரு முடிச்சுப் போட்டார். "இந்த முடிச்சுதான் எலக்ட்ரான் ஜோடி." தரையில் சாக்பீசால் ஒரு கோடு. ஒரே அளவான இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னார். முடிச்சு கோட்டுக்கு நேர் மேலே நின்றது.

"இது ஹைட்ரஜன் மூலக்கூறு. ரெண்டு பேருக்கும் சமமான இழுப்பு. சமமான பங்கு."

பிறகு என்னையும் தோழியையும் கூப்பிட்டார். தோழி பள்ளிக் கபடி அணியில் பிடிக்கிற ஆள். என்னைப் போல இரண்டு பேரைத் தூக்குவாள். அவள் லேசாக இழுத்தாள், முடிச்சு கோட்டைத் தாண்டி அவள் பக்கம் போய் நின்றது.

"யாராவது துண்ட விட்டுட்டாங்களா?" என்றார் டீச்சர்.

"இல்ல மிஸ்."

"ரெண்டு பேருமே புடிச்சிருக்காங்க. ஆனா முடிச்சு யார் பக்கம்? இதான் முனைவுள்ள சகப்பிணைப்பு. தண்ணில ஆக்சிஜன் இவ, ஹைட்ரஜன் அவ."

"நான் ஆக்சிஜன்டீ. நான் இல்லன்னா நீங்க யாரும் மூச்சு வுட முடியாது" என்று தோழி துண்டை உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கரும்பலகையில் எண்கள் வந்தன. ஒவ்வொரு அணுவும் எலக்ட்ரான் ஜோடியைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஓர் எண். அதற்குப் பெயர் எலக்ட்ரான் கவர்தன்மை. ஆக்சிஜனுக்கு 3.5, ஹைட்ரஜனுக்கு 2.1. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.7-ஐத் தாண்டினால் அது பொதுவாகப் பங்கு இல்லை, அயனிப் பிணைப்பு. ஓர் அணு எலக்ட்ரானை மொத்தமாக எடுத்துக்கொள்ளும், மற்றது கொடுத்துவிட்டு நிற்கும். நான் அதை எல்லோரையும் போல நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த வாரமே அப்பா மல்லாட்டை மூட்டையோடு திண்டிவனம் வந்தார். நான் உள் அறையில் படித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பெரியப்பா பேசியது தெளிவாகக் கேட்டது.

"பத்தாவது மார்க் ஷீட்ல இன்னா இனிஷியல் வருதோ அதான் கடைசிவரைக்கும் சகல. அதுக்குள்ள மாத்திட்டா நல்லது. முறைப்படி தத்து எழுதணும்னா பதினஞ்சு வயசுக்குள்ள எழுதணுமாம். வக்கீல கேட்டுக்கினுதான் வந்தேன். புள்ளைக்கும் பின்னால ஒரு பாதுகாப்பு."

அப்பா, "யோசிச்சு சொல்றேன் சகல" என்றார்.

பெரியம்மா சமையலறையில்தான் இருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினான்கு நடந்துகொண்டிருந்தது.

யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் ஒட்டுக் கேட்டதாகிவிடும். வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பெரியம்மா 3.5, அம்மா 2.1 என்று எழுதினேன். அம்மா என்னை அனுப்பிவிட்டு இருக்கிறாள், அதனால் குறைவு. பெரியம்மா கேட்டு வாங்கினாள், அதனால் அதிகம். அப்போதைய என் நியாயம் அவ்வளவுதான். வித்தியாசம் 1.4. இன்னும் 1.7 ஆகவில்லை என்று பார்த்தபோது உடம்பே லேசானது. கீழே சிவப்புப் பேனாவால் 1.7 என்று எழுதி ஒரு கோடு போட்டேன். அதைத் தாண்டவிடக் கூடாது.

எப்படி? பெரியம்மாவின் எண் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அம்மாவின் எண்ணை ஏற்ற வேண்டும். பெரியம்மா வீட்டில் நான் எதையும் விரும்பாததுபோல இருந்தால் அங்கே இழுப்பு குறையும் என்று முடிவு செய்தேன். காலையில் இரண்டு இட்லியை ஒன்றாக்கினேன். மதிய டிபன் பாக்சை அப்படியே தோழியிடம் தள்ளினேன். இரவில் தலைவலி என்றேன். பெரியம்மா வாங்கி வந்த ஹேர் கிளிப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. சனி, ஞாயிறு கோலியனூரில் மூன்று தட்டு சாப்பிட்டேன். அம்மா சந்தோஷமாகக் கேட்டாள்.

"அங்க சாப்புடறது இல்லையாடி?"

"பெரியம்மா உப்பு ஜாஸ்தி போடறாங்கம்மா."

அது பொய். பெரியம்மாவின் வாழைக்காய் வறுவலுக்கு ஈடாக இன்றுவரை நான் சாப்பிட்டதில்லை. ஆனால் அதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தில் ஏதோ விரிந்தது. திங்கட்கிழமை ரயிலில் நோட்டை மடியில் வைத்து 2.1-ஐ அடித்து 2.2 என்று எழுதினேன். அடுத்த வாரம் குழம்பில் காரம் என்றேன். 2.3.

தோழி இடையில் ஒருநாள் கேட்டாள். "ஏன்டி, உங்க பெரியம்மா இவ்ளோ சூப்பரா செய்றாங்க, நீ ஏன் துன்ன மாட்டேங்கற? லூசா நீ?"

அவளிடம் மட்டும் பாதி சொன்னேன். இனிஷியலைச் சொல்லவில்லை. "சமமா பங்கு இல்லன்னா அது சீக்கிரம் பிச்சிக்குமான்னு மிஸ்ஸ கேளேன்" என்றேன். எனக்காக எழுந்து கேட்பதற்கு அவளுக்கு ஒரு வாழைக்காய் வறுவல் போதும். வகுப்பில் எழுந்து அப்படியே கேட்டாள். டீச்சர் சிவந்துபோனார். "அது... பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றார். நாளை வந்தது, மறுநாள் வந்தது, காலாண்டுத் தேர்வும் வந்து போனது. அவர் சொல்லவில்லை. நாங்களும் மறுபடி கேட்கவில்லை.

நர்ஸ் வீட்டில் உடம்பு இளைப்பதை ஒளிக்க முடியாது. பெரியம்மாவிடம் எடை பார்க்கும் மிஷின் இருந்தது. வாராவாரம் என்னை ஏற்றி நிறுத்தி, தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி, அந்தத் தாளைக் கிழித்து எறியாமல் மடித்து வைப்பாள். முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்து நாலரை. பூச்சி மாத்திரை கொடுத்தாள். ரத்தப் பரிசோதனை எடுத்தாள். டானிக் வாங்கினாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டே நிற்பாள். தன் அக்கறையில் எங்கே தப்பு என்று அவள் தேடியது இப்போது எனக்குப் புரிகிறது. என் பெண் ஒரு வேளை பால் வேண்டாம் என்றாலே நான் அன்று தூங்குவதில்லை.

ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை. பள்ளி விட்டு வந்தால் வாசலில் அம்மாவின் செருப்பு. புதன்கிழமையில் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. கூடத்தில் ஈரப் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு தூக்குச் சட்டி. எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள்.

"இன்னாக்கா சோறு போடற நீ? உப்ப வாரி வாரிக் கொட்டறியாமே. வாரா வாரம் காஞ்ச கருவாடாட்டம் வந்து எறங்குது புள்ள."

"யாரு சொன்னது உப்புன்னு?"

"அவதான் சொன்னா. வேற யாரு சொல்லணும்? என் புள்ளைய நான் இட்டுக்கினு போறேன். அங்க ஸ்கூலு இல்லாமலா கீது?"

பெரியம்மா கத்தவில்லை. காலண்டர் தாள்களை எடுத்துவந்து அம்மா கையில் வைத்தாள். "நானும் வாரா வாரம் நிறுத்துக்கினுதான் இருக்கேன். ரத்தம் எடுத்தாச்சி, மாத்திர குடுத்தாச்சி. உன் ஊட்டுக்கு வந்தா இன்னா சாப்புடறான்னு நானே உன்னக் கேக்கணும்னு இருந்தேன்டி."

"எங்கூட்ல மூணு ஆளு சோறு சாப்புடறா அவ."

இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தோழி வந்து சேர்ந்தாள். அடுத்த தெருதான் அவள் வீடு. கையில் என் டிபன் பாக்ஸ்.

"பெரிம்மா, இத மறந்தாப்ல எடுத்துக்கினு போயிட்டேன். இன்னிக்கி வறுவல் செம. நாளைக்கி கொஞ்சம் கூட வைங்க, நேத்து பத்தல."

அப்புறம் அவளுக்கும் புரிந்துவிட்டது. டிபன் பாக்சை மேசையில் சத்தமில்லாமல் வைத்தாள்.

எனக்குப் பொய் தொடர்ந்து வரவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அம்மா எட்டாவதுவரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"பெரியம்மா மூணரை. அம்மா ரெண்டு... யாரு போட்ட மார்க்கு இது?"

"மார்க் இல்லம்மா. கவர்தன்மை."

"எதுவா இருந்தா இன்னா. பத்து மாசம் சொமந்து பெத்தவளுக்கு ரெண்டா?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு" என்று திருத்தினேன். "இப்ப ரெண்டு புள்ளி ஆறு ஆயிடிச்சி."

தோழி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சிரிப்பையா கண்ணையா தெரியவில்லை. பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தவள், சிவப்புக் கோட்டில் விரலை வைத்தாள்.

"இது இன்னா, ஒண்ணு புள்ளி ஏழு?"

"வித்தியாசம் அதத் தாண்டினா பங்கு இல்ல பெரிம்மா. ஒருத்தர் மொத்தமா எடுத்துக்குவாங்க. இன்னொருத்தர் குடுத்துட்டுப் போயிடுவாங்க."

வெளியே தகர ஷீட்டில் மழை விழுந்துகொண்டே இருந்தது. பெரியம்மா கேட்டாள். "அன்னிக்கி பேசினது உன் காதுல வுழுந்துச்சா?"

தலையாட்டினேன்.

"இன்னா பேச்சு?" என்றாள் அம்மா. அப்பா அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த ஒன்றரை மாதமும் எப்படிச் சொல்வது என்று அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பெரியம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள். இனிஷியல், வக்கீல், பதினைந்து வயது.

"நான் கேக்கலடி. அவருதான் கேட்டாரு" என்றாள் கடைசியில். "ஆனா வேணாம்னும் நான் சொல்லல. ஆச இல்லன்னு சொன்னா பொய்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈரப் புடவை நாற்காலியை நனைத்தது. சண்டை வரும் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் ரொம்ப நேரம் தூக்குச் சட்டியின் மூடியையே திருகிக்கொண்டிருந்தாள்.

"இவள ஒரு வார்த்த கேட்டமாக்கா நாம? அனுப்பும்போதும் கேக்கல, இப்பவும் கேக்கல." பிறகு என்னிடம், "நீ சொல்லு. உனக்கு எப்பிடி இருக்கணும்?"

"இப்ப இருக்கற மாதிரியே. அஞ்சு நாளு இங்க, ரெண்டு நாளு அங்க. இனிஷியல் மட்டும் மாத்த வேணாம்."

"ரெண்டு நாளு போதுமாடி எனக்கு?"

பெரியம்மாதான் பதில் சொன்னாள். "போதாதுதான். நீ எப்பிடித்தான் தாங்கிக்கினு இருக்கியோ." சொல்லிவிட்டு நான்கு தட்டு எடுத்துவந்தாள். தோழிக்கும் சேர்த்து. அம்மா கொண்டுவந்த சோற்றைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம். அதில் உண்மையாகவே உப்பு கொஞ்சம் அதிகம். அவசரத்தில் இரண்டு முறை போட்டிருக்கிறாள். ஒருவரும் சொல்லவில்லை.

இனிஷியல் மாறவில்லை. பெரியப்பாவுக்கு வருத்தம்தான். ஒரு வாரம் என்னிடம் குறைவாகப் பேசினார். அடுத்த வெள்ளியும் அவரேதான் ரயிலேற்றிவிட்டார், ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து. பன்னிரண்டாவதுவரை திண்டிவனத்திலேயே படித்தேன்.

அரையாண்டுக்கு முன்னால் ஒருநாள் டீச்சர் கசங்கிய கல்லூரி நோட்டு ஒன்றோடு வகுப்புக்கு வந்தார். "யாரோ ஒரு கேள்வி கேட்டீங்க. சமமா இல்லன்னா சீக்கிரம் பிச்சிக்குமான்னு. அப்ப எனக்குத் தெரியல. நோட்டு ஊர்ல இருந்துச்சு." கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் சமமாகப் பங்கிட்ட பிணைப்பைப் பிரிக்க நூற்று நான்கு கிலோ கலோரி. குளோரினும் குளோரினும் பிரிய ஐம்பத்தெட்டு. இரண்டின் சராசரி எண்பத்தொன்று. ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்தால் பங்கு சமமில்லை, குளோரின் பக்கம் சாயும். எண்பத்தொன்றுதான் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அதைப் பிரிக்க நூற்று மூன்று வேண்டும்.

"சாய்ஞ்சிருக்கறதாலதான் அந்த அதிகப்படி வலு" என்றார். "நானும் இத ஒழுங்கா இப்பதான் படிச்சேன்."

அந்தப் பதில் ஆவணியிலேயே வந்திருந்தால் நான் இரண்டரைக் கிலோ இளைத்திருக்க மாட்டேன். தோழியும் அவ்வளவு வறுவல் சாப்பிட்டிருக்க மாட்டாள். அவள் அந்த வருஷம் மாவட்டப் போட்டிக்குப் போனாள். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பாள்.

அணுவுக்கு எழுதும் எண்ணை மனிதர்களுக்கு எழுதக் கூடாது என்று இன்று தெரிகிறது. எழுதியதிலும் பெரிய தப்பு ஒன்று இருந்தது. அம்மா குறைவாக இழுத்தாள், அதனால் அவளுக்குப் பிடிப்பு குறைவு என்று நினைத்தேன். முடிச்சு அடுத்தவர் பக்கம் போய் நின்ற பிறகும் துண்டின் முனையை விடாமல் பிடித்திருந்தவள் அவள். ஒவ்வொரு திங்களும் என்னை ரயிலேற்ற விடியலில் எழுந்து தலை பின்னிவிட்டவள். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிகிறது.

ஏனென்றால் இப்போது என் முறை. நாங்கள் விழுப்புரத்தில் இருக்கிறோம். நான் வேலையிலிருந்து வர ஏழு மணியாகும். என் பெண்ணுக்கு ஆறு வயது, ஜூனில் ஒன்றாம் வகுப்பு. என் கணவரின் தங்கை திண்டிவனத்தில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. போன மாதம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணி, அஞ்சு நாளு எங்கூட இருந்து படிக்கட்டுமே. வெள்ளிக்கெழம நானே இட்டாந்து வுட்டுர்றேன்." நல்லவள். என் பெண்ணும் அவளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கணவர், "நீ சொல்றதுதான்" என்கிறார். அது எனக்கு உதவியாகவே இல்லை.

எனக்குக் கிடைத்தது இரண்டு வீடு. அதில் எனக்குக் குறை இல்லை, என் பெண்ணுக்கும் அது கிடைத்தால் நல்லதுதான் என்று பெரும்பாலான நாள் நினைக்கிறேன். அவளைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். மூன்று முறை கேட்கப் போனேன். மூன்று முறையும் வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, தோசையா இட்லியா என்று கேட்டுவிட்டு வந்தேன். கேட்டால், யாரை விடுவது என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாளோ என்று பயம். கேட்காவிட்டால், வேறு எங்கிருந்தாவது காதில் விழுந்து தானாகவே போட்டுக்கொள்வாளோ என்றும் பயம்.

உங்களில் யாராவது ஆறேழு வயதுப் பிள்ளையிடம் இப்படி ஒன்றைக் கேட்டிருக்கிறீர்களா? எந்த வார்த்தைகளில் கேட்டீர்கள்? அப்போது அறையில் நீங்கள் மட்டும் இருந்தீர்களா, அந்த இன்னொருவரும் இருந்தாரா? பிள்ளை ஒன்றைச் சொல்லிவிட்டு ஒரு மாதம் கழித்து மாற்றிக்கொண்டால் என்ன செய்தீர்கள்? பள்ளியில் பெயர் கொடுக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததை எனக்கு எழுதுங்கள்.